டீச்சர் பக்கத்துப் பெடல்

டிசம்பர் பிறந்தால் டிரைவிங் ஸ்கூல் முதலாளிக்கு ஞானமும் கூடவே பிறந்துவிடும். கடந்த வருடத்தைத் திரும்பிப் பாருங்கள், வரும் வருடத்தைத் திட்டமிடுங்கள், குறிக்கோளோடு வாழுங்கள் என்று தன்னிடம் வேலை பார்க்கிற எல்லோருக்கும் போனில் செய்தி அனுப்புவார். கீழே சூரியன் உதிக்கிற படம் ஒன்று இருக்கும். அவர் எதையாவது திட்டமிட்டுச் செய்ததாக ஸ்கூலில் ஒருவருக்கும் நினைவில்லை. செய்தி மட்டும் வருடம் தவறாது. டீச்சர் அதைப் படித்துவிட்டு, திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்டினால் முன்னால் போகிறவனை இடிக்க வேண்டியதுதான் என்று சொல்லி, போனைப் பைக்குள் போட்டுவிடுவாள்.

அப்படிப்பட்டவள் ஒரு வருடம் நிஜமாகவே திரும்பிப் பார்த்தாள். முதலாளியின் சூரியனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பார்த்த பிறகு அவள் செய்த காரியத்தை எல்லோராலும் செய்துவிட முடியாது என்பதால்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

டீச்சர் என்றால் பள்ளிக்கூட டீச்சர் இல்லை. கார் ஓட்டச் சொல்லிக் கொடுக்கிறவள். ஆனால் மருந்துக் கடைக்காரர், பஸ் டிரைவர்கள், எதிர்வீட்டுக்காரி என்று எல்லோருக்கும் அவள் டீச்சர்தான். கணவர் கேலிக்காகக் கூப்பிட ஆரம்பித்து, அவருக்கும் அதுவே பழகிவிட்டது. ஆள் குள்ளம், சீட்டில் ஒரு மெத்தையைப் போட்டுத்தான் உட்காருவாள். குரல் மட்டும் ஆளுக்குச் சம்பந்தமில்லாதது. கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பாடம் நடத்தினாலும், பக்கத்தில் போகிற வண்டிக்காரன் தன் சீட் பெல்ட்டைத் தொட்டுப் பார்த்துக்கொள்வான். மற்ற ஸ்கூல்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டு திருப்பி அனுப்பியவர்கள் கடைசியில் அவளிடம்தான் வருவார்கள். வந்தவர்கள் ஓட்டக் கற்றுக்கொண்டுதான் போவார்கள்.

அவளுக்கென்று ஒரு பழக்கம் உண்டு. பாடம் முடிந்து வண்டியை ஸ்கூல் வாசலில் நிறுத்தியதும் யாரையும் இறங்க விடமாட்டாள். "திருப்பிச் சொல்லுங்க" என்பாள். வந்த வழியைக் கடைசியிலிருந்து ஆரம்பம் வரை சொல்ல வேண்டும். இப்போது நின்றோம், அதற்கு முன்னால் என்ன செய்தீர்கள், ஏன் செய்தீர்கள், அதற்கும் முன்னால்? ஆரம்பத்திலிருந்து சொல்ல விட்டால் எல்லோரும் கதை விடுவார்கள் என்பது அவள் அனுபவம். நான் ஒழுங்காகத்தான் வந்தேன், அந்த வேன்காரன்தான் குறுக்கே வந்தான் என்று பழியைத் தூக்கிப் போடச் சௌகரியமாக இருக்கும். பின்னாலிருந்து சொல்லும்போது அந்தச் சௌகரியம் கிடையாது. வேன்காரன் வருவதற்கு முன்னால் நீங்கள் கண்ணாடியைப் பார்க்கவே இல்லை என்பது உங்கள் வாயிலிருந்தே வந்துவிடும்.

இன்னொரு விஷயத்தையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கற்றுக் கொடுக்கிற காரில் டீச்சர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் பெடல் இருக்கும். ஓட்டுகிறவர் கோட்டைவிட்டால் டீச்சர் மிதித்து வண்டியை நிறுத்தலாம். இரண்டு பெடலையும் ஒரு கம்பி இணைக்கிறது. டீச்சர் மிதித்தால் ஓட்டுகிறவரின் காலுக்குக் கீழே இருக்கிற பெடலும் சேர்ந்தே இறங்கும்.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். தோளில் கருவிப் பையோடு பஸ் ஏறிப் போய், கட்டிடம் கட்டிடமாக அலைந்து, பஸ் ஏறித் திரும்புவார். அதட்டிப் பேசத் தெரியாத மனிதர். ஆனால் சாயங்காலம் டீயோடு உட்கார்ந்தால் லிஃப்ட் கதைகளாக அவிழ்த்து விடுவார். ஒரே வழக்கில் எதிரும் புதிருமாக நின்ற இரண்டு வக்கீல்கள் நடுமாடியில் மாட்டிக்கொண்டு, அவர் போய்க் கதவைத் திறப்பதற்குள் சமாதானம் பேசி முடித்திருந்த கதையை டீச்சர் எத்தனை முறை கேட்டாலும் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் அவரும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அந்த வருடம் நடுவில் அவருடைய கம்பெனி நகரத்தின் வெளிப்பகுதிகளுக்கென்று தனியாக ஒரு கிளை திறக்க முடிவு செய்தது. அதன் பொறுப்பை அவருக்குத் தருவதாகச் சொன்னார்கள். அவர் பெயரில் ஒரு வேன், அவருக்குக் கீழே ஆட்கள். வேலை தெரிந்தும் காலம் முழுக்கப் பின்வரிசையில் நின்ற மனிதருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரே ஒரு நிபந்தனை, லைசென்ஸ் வேண்டும். புது வருடத்தில் கிளை திறக்கும்போது லைசென்ஸ் இல்லையென்றால் பொறுப்பு அடுத்தவருக்குப் போய்விடும். கணவர் அதுவரை சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டியதில்லை. ஆனால் கவலைப்பட என்ன இருக்கிறது, வீட்டிலேயே டீச்சர் இருக்கும்போது?

அவரும் நன்றாகத்தான் கற்றுக்கொண்டார். கியர் சத்தமில்லாமல் விழும். சந்துகளில் வளைப்பது கைவந்த கலையாகிவிட்டது. அக்டோபரில் டெஸ்டுக்குப் போனார். டெஸ்டில் டீச்சருடைய சீட்டில் அதிகாரி உட்காருவார். டீச்சர்கள் வேலிக்கு வெளியே டீக்கடை ஓரமாக நின்று பார்ப்பார்கள். கணவர் எல்லாவற்றையும் அழகாகச் செய்தார். கடைசியில் வெள்ளைக் கோட்டுக்கு முன்னால் நிறுத்தச் சொன்னபோது கோட்டைத் தாண்டிப் போய் நின்றார். சரி, பதற்றம் என்று டீச்சர் சமாதானம் செய்துகொண்டாள். அன்று மாலையிலிருந்து நிறுத்துவதற்கு மட்டுமே தனியாகப் பழக்கினாள். எந்தக் கோட்டைக் காட்டினாலும் வண்டி கோட்டின் மேல் மூக்கை வைத்ததுபோல் வந்து நின்றது.

டிசம்பரில் இரண்டாவது டெஸ்ட். இந்த முறை கோட்டைத் தாண்டியதோடு நிற்கவில்லை. அங்கே வைத்திருந்த ரப்பர்க் கூம்பு காருக்கு அடியில் மாட்டிக்கொண்டு, கிரீச் கிரீச் என்று கத்தியபடி கொஞ்ச தூரம் கூடவே வந்தது. டீக்கடையில் நின்ற மற்ற ஸ்கூல்காரர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். டீச்சருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுக்கிறேன். எனக்குன்னு வாய்ச்சது ஒரு மரமண்டை" என்றாள். அவள் குரல்தான் தெரியுமே. காரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த கணவருக்கு ஒரு எழுத்து விடாமல் கேட்டது.

அவர் சட்டையில் தூசி இருப்பதுபோல் தட்டிக்கொண்டே வந்து பக்கத்தில் நின்றார். வீட்டுக்கு வந்த பிறகு, எனக்கு இது வராதும்மா, விட்டுடு என்று மட்டும் சொன்னார். அன்றோடு லிஃப்ட் கதைகளும் நின்றன. டீயைக் குடித்துவிட்டு டம்ளரைத் தானே கழுவி வைத்துவிட்டு, மின்விசிறியைக் கழற்றித் துடைப்பது மாதிரி எதையாவது செய்துகொண்டிருப்பார். கேட்டால் பதில் சொல்வார், கேட்காவிட்டால் இல்லை. ஒரு மனிதர் வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு வெளியூர் போனது மாதிரி இருந்தது. ஜனவரி நடுவில் கடைசியாக ஒரு டெஸ்டுக்கு டீச்சர் பெயர் பதிந்து வைத்திருந்தாள். அதற்கு அவர் வருவாரா என்று கேட்கவே அவளுக்குத் தைரியம் வரவில்லை. லைசென்ஸ் போனால் அந்தப் பொறுப்பு போகும். ஆனால் இவர் இப்படியே இருந்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் அவளை அரித்தது.

வருடக் கடைசியில் டெஸ்ட் ஆபீசுக்கு விடுமுறை. அந்த நாட்களில்தான் ஸ்கூல் கார்கள் பட்டறைக்குப் போகும். டீச்சர் தன் காரைத் தானே ஓட்டிக்கொண்டு போய் விட்டாள். பட்டறைக்காரர் டார்ச்சோடு உள்ளே தலையை விட்டுக் குடைந்தவர், கொஞ்ச நேரம் கழித்து இரண்டு ரப்பர்களோடு வெளியே வந்தார். பெடலில் கால் வழுக்காமல் இருக்க மாட்டுகிற ரப்பர்கள்.

"டீச்சர், இதைப் பாருங்க" என்றார். "எந்த வண்டியா இருந்தாலும் ஓட்டுறவங்க பக்கம்தான் தேயும். உங்க வண்டியில இத்தனை வருஷமா நான் அந்தப் பக்கத்தைத்தான் மாத்தியிருக்கேன். இந்த வருஷம் உங்க பக்கம் மொழுமொழுன்னு ஆயிருச்சு. ஓட்டுறவங்க பக்கம் போன தடவை நான் போட்டது அப்படியே கெடக்கு."

அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. சும்மா ஒரு விசித்திரத்தைக் காட்டுகிற மாதிரி காட்டிவிட்டு, புது ரப்பர் வாங்கக் கடைக்குப் போய்விட்டார். டீச்சர் தன் பக்கத்து ரப்பரைக் கையில் எடுத்துப் பார்த்தாள். வரி வரியாக இருக்க வேண்டிய இடம் வழவழவென்று பளபளத்தது. மற்றதில் வரிகள் கூர்மையாக இருந்தன. கார்க் கதவைத் திறந்து தன் சீட்டில் உட்கார்ந்தாள். நல்ல மத்தியானம், பட்டறையில் யாரும் இல்லை.

திருப்பிச் சொல்லு என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

டிசம்பர். கூம்பை இழுத்துக்கொண்டு போனார். அதற்கு முன்னால்? அதற்கு முந்தின நாள் பழைய மார்க்கெட் முனையில் பழகினோம், கோட்டில் கச்சிதமாக நின்றார். நிறுத்தியது யார்? அவர்தான் என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் இந்த விளையாட்டின் சட்டத்தைப் போட்டவளே அவள்தானே, எப்படி ஏமாற்றுவது? கண்ணை மூடி யோசித்தாள். கோடு வருகிறது. தன் வலது கால் லேசாக, யாருக்கும் தெரியாமல், அவளுக்கே தெரியாமல், கீழே போகிறது. அதற்கு முன்னால் ஆஸ்பத்திரி சிக்னல். அங்கேயும் அவள் கால். அதற்கு முன்னால் பள்ளிக்கூட வாசல். அங்கேயும். மாதம் மாதமாகப் பின்னால் போய்த் தேடினாள். கணவர் தானாக நிறுத்திய இடம் ஒன்றாவது கிடைத்துவிடாதா என்று ஆசையோடு தேடினாள். கிடைக்கவில்லை. அவர் காலை வைத்ததும் பெடல் தானாக இறங்கியிருக்கிறது. தான்தான் மிதித்தோம் என்று அந்த மனிதர் நம்பியிருக்கிறார். டெஸ்டில் அதிகாரி இரண்டு காலையும் மடக்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். பெடல் இறங்கவில்லை. வண்டி எப்படி நிற்கும்?

இன்னும் பின்னால் போனாள். அந்த வருடம் அவளிடம் படித்தவர்களில் வழக்கத்தைவிட நிறையப் பேர் டெஸ்டில் கோட்டைத் தாண்டியிருந்தார்கள். தையல்கடை வைத்திருக்கிறவர், கல்லூரி லைப்ரரியன், இன்னும் சிலர். எல்லாம் போனைப் பார்த்துப் பார்த்துப் புத்தி மழுங்கிப்போன கூட்டம் என்று முதலாளி சொன்னார். டீச்சரும் ஆமாம் போட்டாள். இப்போது அவர்கள் ஒவ்வொருவரோடும் போன தெருக்கள் நினைவுக்கு வந்தன. எல்லாத் தெருவிலும் அவள் கால் இருந்தது.

அதற்கும் முன்னால் ஜனவரி. அங்கே வந்ததும் டீச்சருக்கு மேலே போக மனமில்லை. ஆனாலும் போனாள். அந்த ஜனவரியில் பேங்க்கில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வளைவில் அந்தப் பெண் பிரேக்குக்குப் பதிலாக ஆக்ஸிலரேட்டரை மிதித்துவிட்டாள். டீச்சர் அந்த நொடி பின்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கால் போவதற்குள் கார் மதிலில் மோதி, அந்தப் பெண்ணுக்கு மணிக்கட்டு முறிந்தது. யாரும் டீச்சரைக் குறை சொல்லவில்லை. அந்தப் பெண்கூட ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டாள். யாராவது திட்டியிருந்தாலாவது அழுது தீர்த்திருக்கலாம். டீச்சர் அழவில்லை. மறுநாளிலிருந்து அவள் கால் அந்தப் பெடலை விட்டு நகரவே இல்லை.

அதற்கப்புறம் வருடம் முழுக்கக் காரில் ஒரு கீறல் விழவில்லை. முதலாளி அதை எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டார். டீச்சரும் பெருமைப்பட்டாள், உள்ளதைச் சொல்ல வேண்டுமே. தன் வாழ்க்கையிலேயே ஜாக்கிரதையான வருடம் என்றுதான் அவள் அதுவரை நினைத்திருந்தாள். அந்தச் சீட்டில் உட்கார்ந்தபடி யோசித்தபோது, ஜாக்கிரதையாக இருந்தது அவள் இல்லை, அவளுடைய பயம் என்பது புரிந்தது. வருடத்தை ஓட்டியதே அந்தப் பயம்தான்.

இங்கேதான் டீச்சர் மேல் எனக்கு மரியாதை கூடுகிறது. இதை அவள் யாரிடமும் சொல்லாமல் விட்டிருக்கலாம். புது ரப்பர் போட்டாகிவிட்டது, பழையது குப்பைக்குப் போகும். இனிமேல் காலை எடுத்துவிட்டு, அவரை இன்னும் கொஞ்சம் பழக்கி டெஸ்டுக்கு அனுப்பினால், அவர் மண்டையில் இப்போதுதான் ஏறியது என்று சொல்லி நல்ல பெயரையும் தட்டிக்கொண்டு போகலாம். நம்மில் பாதிப் பேர் அதைத்தான் செய்வோம். டீச்சர் இரண்டு ரப்பரையும் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

கணவர் கூடத்தில் உட்கார்ந்து இஸ்திரிப் பெட்டியைப் பிரித்துப் போட்டிருந்தார். டீச்சர் எதிரே தரையில் உட்கார்ந்து ரப்பர்களை அவர் முன்னால் வைத்தாள். எது எந்தப் பக்கத்தது என்று சொன்னாள். இயந்திரத்தோடு வாழ்கிற மனிதருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். பிறகு மற்றதை.

"அப்போ நான் பிரேக்கே போட்டதில்லையா?"

"இல்லைங்க. ஒரு தடவைகூட இல்ல. நான்தான் போட்டேன். எனக்கே தெரியாம போட்டேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "மரமண்டைன்னு சொன்னியே."

"சொன்னேன்" என்றாள் டீச்சர். "நாலு பேர் கேக்கிற மாதிரி சொன்னேன். தப்பு என்னோடது. உங்களுக்குச் சொல்லிக் குடுக்காம நானே ஓட்டிட்டு, உங்களைத் திட்டினேன்."

அவர் உடனே சிரித்து மன்னித்துவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அப்படி நடக்கவில்லை. அவருக்குக் கோபம் வந்தது, நியாயமான கோபம். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனவர் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்பினார். டீச்சர் அதுவரை இஸ்திரிப் பெட்டியின் துண்டுகளைத் தொடாமல் அவற்றுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவர் வந்து செருப்பைக் கழற்றிவிட்டு, "காலையில கெளம்பலாமா, டீச்சர்?" என்று கேட்டார். டீச்சர் தலையை மட்டும் ஆட்டினாள்.

பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டேன் என்று சொல்வது சுலபம். ரோட்டில் ஜனங்கள் நடக்கிறார்கள். டீச்சர் பாட்டுக்குக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாது. அவள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒவ்வொரு தெருவிலும் முன்கூட்டியே ஒரு அடையாளத்தைச் சொல்லிவிடுவது. அந்த விளக்குக் கம்பம் வரைக்கும் உங்கள் ரோடு, கம்பத்தைத் தாண்டினால் என் ரோடு. கம்பத்துக்கு இந்தப் பக்கம் என்ன ஆனாலும் அவள் கால் சீட்டுக்கு அடியில் இருக்கும். மற்றவர்கள் புது வருடத்தில் இதைச் செய்வேன், அதைச் செய்வேன் என்று திட்டம் போடுவார்கள். டீச்சர் போட்ட திட்டம் ஒன்றே ஒன்றுதான், அதுவும் ஒன்றைச் செய்யாமல் இருப்பதற்கு. கேட்க லேசாகத் தெரியும். வருடம் முழுக்கப் பயத்தில் ஊன்றிய காலைத் தூக்கிப் பார்த்தால் அதன் கஷ்டம் புரியும்.

முதலில் காலியான மைதானத்துக்குப் போனார்கள். நிறுத்துங்கள் என்றதும் கணவர் மிதித்த மிதியில் இரண்டு பேரும் முன்னால் பாய்ந்து, பெல்ட் இழுத்துப் பிடித்துத் திரும்ப வந்து விழுந்தார்கள். டீச்சருடைய மெத்தை எங்கோ போயிற்று. கணவர் ஸ்டீயரிங்கை விடாமல், "லிஃப்ட்டை இப்படி நிறுத்தினா என்னை வேலையை விட்டே தூக்கிருவாங்க" என்றார். அதற்கப்புறம் டீச்சர் அதிகம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மாடி வருவதற்கு முன்பே லிஃப்ட் வேகத்தைக் குறைக்க வேண்டும், உள்ளே நிற்கிறவர் கையில் இருக்கிற டீ சிந்தக் கூடாது என்று அவர் தனக்குத்தானே பேசிக்கொண்டு பழகினார். டீச்சர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளைப் பொறுத்தவரை அதுவும் பெரிய சாதனைதான்.

பிறகு தெருவுக்கு வந்தார்கள். கோடவுன்கள் இருக்கிற தெருவில் ஒரு நீலக் கேட்டைக் காட்டி, அதுவரைக்கும் உங்க ரோடு என்றாள் டீச்சர். பாதித் தூரம் போயிருப்பார்கள், கேட்டுக்கு அப்பால் ஒரு கோடவுனிலிருந்து லாரி பின்பக்கமாகத் தெருவுக்குள் வர ஆரம்பித்தது. லாரிக்காரர் இவர்களைப் பார்க்கவில்லை. கணவர் பார்த்தாரா? தெரியவில்லை. வண்டி அதே வேகத்தில் போனது. கேட்டுக்கு இன்னும் தூரம் இருக்கிறது, கேட்டைத் தாண்டி அவள் மிதித்தாலும் லாரிக்கு முன்னால் நிறுத்த இடம் இருக்கிறது. டீச்சர் கணக்குப் போட்டுத்தான் அந்தக் கேட்டைச் சொல்லியிருந்தாள். ஆனால் கணக்கு காலுக்குத் தெரியுமா? கால் தவித்தது. ஜனவரியின் மதில் கண் முன்னால் வந்தது. இப்போது மிதித்தால் அவர் திரும்பவும் நம்பிவிடுவார், தானே நிறுத்திவிட்டதாக. டீச்சர் இரண்டு கையாலும் சீட்டு விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். சீட்டுக்கு அடியிலிருந்து காலை வெளியே எடுக்கவில்லை.

வேகம் குறைந்தது. அலுங்காமல் குலுங்காமல் குறைந்து, நீலக் கேட்டுக்கு நன்றாக முன்னாலேயே வண்டி நின்றது. லாரி சாவகாசமாகத் திரும்பிப் போயிற்று. கணவர் அவளைப் பார்த்தார்.

"போட்டியா?"

"இல்ல."

அவர் நம்பவில்லை. குனிந்து அவள் காலைத் தேடினார். அது சீட்டுக்கு அடியில், செருப்பு கழன்று, மடங்கிக் கிடந்தது. அவர் நிமிர்ந்து ரோட்டைப் பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். ஐம்பதை நெருங்குகிற மனிதர் அதை மறைக்கக்கூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்த பிறகுதான் வண்டியை எடுத்தார். வீடு வரும் வழியில், போன வாரம் ஒரு ஹோட்டல் லிஃப்ட்டில் நடந்ததைத் தானாகவே சொல்ல ஆரம்பித்தார். டீச்சர் கதையைச் சரியாகக் கேட்கவில்லை. அவர் பேசுகிறார் என்பதே போதும் என்று இருந்தது.

டெஸ்ட் ஆபீஸ் திறந்த அன்று டீச்சர் இன்னொரு காரியமும் செய்தாள். வேலி ஓரத்து டீக்கடையில், அன்று சிரித்த அதே கூட்டத்துக்கு நடுவில் நின்று, கணவர் மேல் தப்பில்லை, வருடம் முழுக்கத் தான்தான் பிரேக்கைப் போட்டுக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். அவளுக்கு மெல்லப் பேச வராது என்பதால் உள்ளே இருந்த அதிகாரிகளுக்கும் கேட்டிருக்கும். சிரித்தவர்கள் இன்னொரு தடவை சிரித்தார்கள். ஒரு ஸ்கூல்காரர் மட்டும் சிரிக்காமல் தன் காரின் கதவைத் திறந்து குனிந்து பெடலைப் பார்த்துவிட்டு வந்தார். தையல்கடைக்காரருக்கும் லைப்ரரியனுக்கும் டீச்சர் போன் செய்து, இன்னொரு முறை வாருங்கள், இந்தத் தடவை நான் சும்மா இருக்கிறேன் என்றாள். அவர்கள் வந்தார்கள். பேங்க்கில் வேலை பார்க்கும் பெண்ணின் வீட்டுக்கு நேரிலேயே போய், மறுபடி ஓட்ட வரச் சொல்லிக் கூப்பிட்டாள். அந்தப் பெண் யோசித்துச் சொல்கிறேன் என்றாள். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

மூன்றாவது டெஸ்டில் கணவர் கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் நிறுத்தினார். அதிகாரி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவ்வளவுதான், அதில் வேறு சுவாரசியம் இல்லை.

கம்பெனி வேன் வீட்டு வாசலுக்கு வந்த மறுநாள் காலை, அவர் முதன்முதலாகத் தனியாகக் கிளம்பினார். மெயின் ரோடு வரைக்கும் கூட வரட்டுமா என்று கேட்க டீச்சருக்கு நாக்கு துறுதுறுத்தது. கேட்கவில்லை. அவரும் கூப்பிடவில்லை. கண்ணாடியைத் திருப்பினார், மறுபடி திருப்பினார், ஒருவழியாகக் கையைக் காட்டிவிட்டு வண்டியை எடுத்தார். தெரு மெயின் ரோடு வரை சரிவாக இறங்கும். வேன் சற்று வேகமாகப் போகிறதோ என்று டீச்சருக்குத் தோன்றியது. வீட்டுக் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பயமாக இருந்தது. பயம் போய்விட்டது என்று அவள் எப்போதும் யாரிடமும் சொன்னதில்லை.

தெருமுனையில் ஒரு பஸ் குறுக்கே வந்தது. வேனின் பின்னால் இரண்டு சிவப்பு விளக்குகளும் எரிந்தன. வேன் வேகம் குறைந்து, நின்றது. பஸ் கடந்து போயிற்று. விளக்குகள் அணைந்தன. வேன் திரும்பி மறைந்தது.

எத்தனையோ பேருக்கு நிறுத்தக் கற்றுக் கொடுத்தவள் டீச்சர். டெஸ்ட் மைதானத்தைத் தவிர மற்ற எல்லாத் தடவையும் அவள் வண்டிக்கு உள்ளே இருந்தாள். அந்த விளக்குகள் எரிவதைத் தெருவில் நின்று அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், எதிர்வீட்டுக்காரி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன டீச்சர், சார் போயிட்டாரா?"

"நின்னுட்டுப் போனார்" என்றாள் டீச்சர்.